சுண்டெலியும் புள்ளித் திருக்கையும்: அட்டவணையில் விடுபட்ட வரிசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான, சுண்டெலியையும் புள்ளித் திருக்கையையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட அட்டவணை தொடர்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன். முள்ளியவளையில் வயல்செய்த குடும்பமொன்றில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியின் பெரும்பகுதியை முல்லைத்தீவுக் கடற்கரையோரப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்துக் கழித்தவன் என்ற முறையில், அவ்விரண்டு உயிர்களையும் ஓரளவு அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

நிறை, நீளம், உணவு, வாழிடம் என்று வரிசையாகச் சென்ற அந்த அட்டவணை, "எது பலம் வாய்ந்தது?" என்ற கேள்வியுடனும் "புள்ளித் திருக்கை" என்ற விடையுடனும் முடிந்திருந்தது. ஏழாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி அதை வெட்டித் தன் கொப்பியில் ஒட்டிவிட்டு, "எலிதான் பாவம் அப்பப்பா, திருக்கையை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது" என்றாள். அட்டவணையைக் கவனமாகப் படித்த ஒரு பிள்ளை உண்மைக்கு நேர் எதிரான முடிவுக்கு வந்திருக்கிறாள் என்பதே என்னை எழுதத் தூண்டியது.

ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிட்டுவிட்டீர்கள் என்று நான் குறைகூறவில்லை. வயலையும் கடலையும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய வன்னி மண்ணில் ஒரு பிள்ளைக்கு எலியும் திருக்கையும் ஒருசேரப் பழக்கமானவை. காலையில் தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழுள்ள வயலில் எலி வெட்டிய நெற்பயிரைக் காணும் பிள்ளை, மாலையில் அளம்பில் கரையில் மீனவர் வாடிக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டிருக்கும் திருக்கையைக் காணலாம். இரண்டுமே முள்ளந்தண்டுளிகள்; 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து தாடையையும் முள்ளந்தண்டையும் பெற்றுக்கொண்டு, ஒன்று நிலத்துக்கு ஏறிய கிளையிலும் மற்றையது கடலிலேயே தங்கிய கிளையிலும் வந்தவை. அவற்றை ஒப்பிடுவது நல்ல பாடம். எந்த வரிசைகளில் ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எனக்கு வேறுபாடு உண்டு.

முதலில் தங்கள் அட்டவணை சரியாகச் சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். வீட்டுச் சுண்டெலியின் நிறை ஏறத்தாழ 20 கிராம். புள்ளித் திருக்கையோ ஒன்றரை மீற்றருக்கும் கூடிய அகலமும் 120 கிலோகிராம் வரையான நிறையும் அடையக்கூடியது. அதாவது ஒரு பெரிய திருக்கையின் நிறைக்கு ஆறாயிரம் சுண்டெலிகள் வேண்டும். அதன் வால் உடற்தட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு வரை நீளும். நம் முன்னோர் திருக்கைவாலைச் சவுக்காக்கி வைத்திருந்ததும், "திருக்கைவால் அடி" என்ற சொல்லே பிள்ளைகளை அடக்கப் போதுமாயிருந்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். நம் கரைகளில் புள்ளித் திருக்கை என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுவது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களாக இருக்கலாம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். வலைக்கண் போன்ற புள்ளிகளையுடைய ஹிமாந்துரா உவார்ணாக் என்ற இனத்துக்கு மிக நெருங்கிய, சிறுத்தையின் புள்ளிகளைப் போன்ற புள்ளிகளைக் கொண்ட இன்னோர் இனத்தை 2008ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் வேறாகப் பிரித்துப் பெயரிட்டார்கள்.

"பலம்" என்ற வரிசையில் தங்கள் அட்டவணை திருக்கையின் முள்ளை முன்வைத்திருந்தது. வாலின் மேற்புறத்தில் இருக்கும் அம்முள் இருபுறமும் ஈர்வாள் போன்ற பற்களைக் கொண்டது. அதன் பள்ளங்களில் நச்சு இழையம் இருக்கிறது. முறிந்தால் புதிதாக முளைக்கவும் செய்யும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீவ் இர்வின் 2006 செப்டெம்பரில் திருக்கை முள் மார்பில் குத்தி இறந்த செய்தி உலகெங்கும் பரவியபின், திருக்கை என்றாலே கொலைமீன் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் அம்முள் தற்காப்புக்கு மட்டுமே உரியது. திருக்கை தன் இரையை முள்ளால் பிடிப்பதில்லை. மணலுக்குள் புதைந்து கிடக்கும் அதன்மேல் மனிதனின் கால் மிதிபடும்போதே வால் மேலெழும்பிக் குத்துகிறது. நந்திக்கடலில் முழங்காலளவு நீரில் இறால் வலையுடன் நடந்த என் மாணவன் ஒருவனுக்கு அப்படித்தான் குதிக்கால் கிழிந்தது. கால்களைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி உரசி நடந்தால் திருக்கை முன்னரே அறிந்து விலகிச் சென்றுவிடும் என்பதை அவனுடைய தகப்பனார் பலமுறை சொல்லியிருந்தும், பிள்ளை அவசரத்தில் மறந்துவிட்டான்.

இந்த இடத்தில் சற்று விலகி ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இது காலையோ உயிரையோ காக்கக்கூடியது. திருக்கை நஞ்சு புரதத்தாலானது, வெப்பத்தில் சிதைவது. குத்துப்பட்ட கையையோ காலையோ, தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி பெரிதும் தணியும். காயமில்லாத கையால் நீரின் சூட்டை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வலியால் துடிப்பவருக்குச் சூடு தெரியாது. முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் அதைப் பிடுங்கக்கூடாது. அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காயம் சிறிதென்றாலும் ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசிக்காகவும், உள்ளே முள்துண்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

இனி, பலம் என்பதை மனிதருக்கு விளைவிக்கும் தீங்கை வைத்து அளப்பதாயின், அந்த அட்டவணை சிறிய உயிரைத் தவறாக மதிப்பிட்டிருக்கிறது. திருக்கை குத்தி இறப்பவர் மிக அரிது. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலோ, 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 7000 பேருக்கும் மேற்பட்டோரைத் தாக்கி 200 பேருக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் அதே காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை நாமெல்லாம் தங்கள் பத்திரிகையிலேயே வாசித்தோம். வயல்வரம்பைத் தோண்டும் அகழானும் பெரிய எலிகளும் இந்நோயின் முதன்மைக் காவிகளாயினும் சுண்டெலியும் அதைக் காவக்கூடியதே. காலில் வெடிப்போடும் கீறலோடும் சேற்றில் இறங்கும் வயற்காரனுக்கு 20 கிராம் விலங்கு, 120 கிலோ மீனைக் காட்டிலும் ஆபத்தானது. காலபோகம் தொடங்கும்போது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் வழங்கப்படும், எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வெட்கத்தாலோ சோம்பலாலோ வாங்காமல் விடும் என் உறவினர் பலர் இருக்கிறார்கள். அவர்களும் இவ்வரிகளைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆயினும் நான் எழுதவந்த முதன்மையான செய்தி இதுவன்று. தங்கள் அட்டவணையில் "எத்தனை குட்டி? எத்தனை நாளில்?" என்ற வரிசை இல்லை. அந்த ஒரு வரிசையைச் சேர்த்தால் மற்ற எல்லா வரிசைகளின் பொருளும் மாறிவிடும்.

சுண்டெலி சூல்கொண்ட மூன்று கிழமைகளில் குட்டி போடும். ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வழமை. அக்குட்டிகள் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தாமே இனம்பெருக்கும் பருவத்தை அடைந்துவிடும். உணவும் மறைவிடமும் இருந்தால் ஒரு தாய் ஆண்டொன்றில் ஐந்து முதல் பத்துத் தடவை ஈனக்கூடும். ஆறு ஈற்றில் ஆறாறு குட்டிகள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டொன்றுக்கு முப்பத்தாறு. அவற்றின் குட்டிகளையும் பேரக்குட்டிகளையும் இதில் நான் சேர்க்கவேயில்லை. மீளக்குடியேறி வந்த காலத்தில், ஆண்டுக்கணக்காகத் தரிசாய்க் கிடந்து பற்றையேறிய வயல்களைத் துப்புரவாக்கியபோது, வரம்பெல்லாம் எலிவளையாகி, கட்டிய நீர் ஓரிரவில் அடுத்த வயலுக்குள் வடிந்துபோனதைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைக் கண்ணால் கண்டவர்கள். அங்கே தோண்டியது சுண்டெலியின் உறவான அகழான். கதிரை வெட்டி வளைக்குள் இழுத்துச் சேமிக்கும் பழக்கமுடையது அது. சூடடித்து முடிந்த வயல்களில் ஏழைகள் அகழான் வளையைத் தோண்டி நெல் பொறுக்கிய காலத்தை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நஞ்சு வைத்தும், பொறி வைத்தும், புகை போட்டும், நாய்விட்டுத் துரத்தியும் எந்தத் தலைமுறையும் எலியை ஒழித்ததாக நான் அறியவில்லை. அடுத்த போகத்துக்குள் அது இழந்ததை ஈடுசெய்துகொள்ளும். எலியைப் பிடிக்கும் ஆந்தையையும் கூகையையும் சகுனம் பார்த்துக் கல்லெறிந்து கலைக்கிறோம். சாரைப்பாம்பை நல்லபாம்பென்று அஞ்சி அடிக்கிறோம். பிறகு எலி பெருகிவிட்டது என்று முறையிடுகிறோம். வயலில் ஆங்காங்கே கவட்டுத் தடிகளை நட்டு ஆந்தை அமர இடம்கொடுப்பது நஞ்சு வாங்குவதைவிடச் செலவு குறைந்தது என்று நம்புகிறேன். நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் சாகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது திருக்கையைப் பாருங்கள். மற்றப் பல மீன்களைப் போல இலட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை அது. குட்டிகளைத் தன் கருப்பையிலேயே மாதக்கணக்கில் சுமந்து உயிருடன் ஈனுகிறது. ஓர் ஈற்றில் ஒன்று முதல் ஐந்து வரை, அவ்வளவே. பிறக்கும்போதே குட்டியின் உடல் ஏறத்தாழ ஒரு சாண் அகலம் இருக்கும். பின்னர் அது தானும் தாயாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். சுண்டெலி பல தலைமுறைகளைக் கண்டுவிடும் காலத்தில் திருக்கைக் குட்டி இன்னும் குட்டியாகவே இருக்கும்.

இதைவிட வியப்பான ஒற்றுமையொன்று உண்டு. என் வகுப்பறைகளில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுண்டெலி முலையூட்டி, ஆகவே தன் குட்டிகளுக்கு மூன்று கிழமைவரை பாலூட்டுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். திருக்கையும் ஒருவகையில் பாலூட்டுகிறது. அதன் கருப்பையில் மனிதருக்கோ எலிக்கோ உள்ளதைப்போன்ற சூல்வித்தகம் (நச்சுக்கொடி) இல்லை. முட்டைக் கருவில் உள்ள உணவு தீர்ந்தபின், கருப்பைச் சுவரில் மயிரிழைகள் போல நீண்டிருக்கும் நீட்சிகள் கொழுப்பும் புரதமும் செறிந்த பால் போன்ற திரவத்தைச் சுரக்கின்றன, அதைக் குடித்துத்தான் உள்ளே குட்டி வளர்கிறது. குட்டி பிறந்தபின் எலி பால் கொடுக்கிறது. பிறக்குமுன்னரே திருக்கை கொடுத்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் குழம்புடன் திருக்கை வறை வைத்துக்கொடுக்கும் நம் தாய்மாருக்கு இச்செய்தி பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் இந்தத் தாய்மையே வலையில் பட்டபின் அதற்குக் கேடாகிறது. சினையாயுள்ள திருக்கை பிடிபட்டால், அந்த அதிர்ச்சியிலேயே வளர்ச்சி முற்றாத குட்டிகளை வெளியேற்றிவிடும். வாடிக்கு முன்னால் மணலில் துடிக்கும் குறைமாதக் குட்டிகளைக் கண்டு, பெரிய மீன் சிறிய மீன்களை விழுங்கியிருந்தது என்று நினைத்துக்கொண்ட மாணவர்கள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அது இரையன்று, அதன் பிள்ளைகள் என்று நான் விளங்கப்படுத்தியபோது ஒரு சிறுமி அழுதுவிட்டாள். அன்றைய பாடத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு சினைத் திருக்கையைப் பிடிக்கும்போது நாம் ஒரு மீனைப் பிடிப்பதில்லை; அந்த ஆண்டின் விளைச்சல் முழுவதையும் விதைநெல்லோடு சேர்த்து அள்ளிவிடுகிறோம்.

திருக்கை, சுறா முதலிய கசியிழைய (குருத்தெலும்பு) மீன்களில் அன்றறியப்பட்டிருந்த 1199 இனங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. அளவுக்கு மீறிப் பிடிப்பதே அதற்கு முதற்காரணம். புள்ளித் திருக்கையும் அந்த அச்சுறுத்தலுக்குள்ளான பட்டியலில் அடங்கியதே. சுண்டெலியோ மனிதன் கப்பலேறிய இடமெல்லாம் கூடவே ஏறி, அந்தாட்டிக்கா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் குடியேறிவிட்டது. இவ்விரண்டில் எது பலம் வாய்ந்தது என்று கேட்டால், நான் தயங்காமல் எலியைச் சொல்வேன்.

கடற்றொழிலாளரை இதற்காக நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். போருக்குப்பின் வள்ளமும் வலையும் இழந்து வெறுங்கையோடு கரைக்குத் திரும்பி, கடனில் தொழில் தொடங்கியவர்கள் எங்கள் மக்கள். வலையில் வந்ததை விற்றால்தான் அடுப்பெரியும் வீடுகள் பல. மேற்கே நாச்சிக்குடா, இரணைதீவுப் பக்கத்திலும் மன்னாரிலும் இழுவைமடிகள் கடலடியை வழித்தெடுத்துச் செல்வதால் நேரும் அழிவோடு ஒப்பிட்டால், சிறு வள்ளத்தில் திருக்கை வலை போடுபவரால் நேரும் குறைவு சிறியது. கடலடியில் மணலுக்குள் கிடக்கும் திருக்கைக்கு இழுவைமடியிலிருந்து தப்ப வழியே இல்லை. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து நமது நாட்டில் 2017இல் சட்டத்திருத்தம் நிறைவேற்றப்பட்டது. அது உள்ளூர்ப் படகுகளுக்கும் எல்லை கடந்து வரும் படகுகளுக்கும் ஒன்றுபோலச் செயற்படுத்தப்பட வேண்டும் என்ற கடற்றொழிலாளரின் கோரிக்கையில் திருக்கைக்கும் பங்கிருக்கிறது. அதேவேளை எங்கள் கையிலும் சில காரியங்கள் உண்டு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளின் ஆழமற்ற ஓரங்களும் கண்டல் நிழலும் இளந்திருக்கைகள் வளருமிடங்கள். கரைவலையில் உயிரோடு வரும் சாண்குட்டிக்குச் சந்தையில் பெரிய விலை கிடைப்பதில்லை. வாலில் கைபடாமல் வலையின் துண்டொன்றால் தூக்கித் திரும்ப நீரில் விடுவதால் சம்மாட்டிக்கும் பெரிய நட்டமில்லை. அப்படி விடும் முதியவர்கள் இரண்டொருவரை அளம்பிலிலும் செம்மலையிலும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அட்டவணையில் இருந்த வேறு சில வரிசைகளையும் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். பற்கள் என்ற வரிசையில் "இரண்டுக்கும் உண்டு" என்று மட்டும் இருந்தது. எலியின் வெட்டும் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. முன்பக்கத்தில் மட்டும் கடினமான மிளிரி இருப்பதால் கொறிக்கக் கொறிக்கத் தாமே கூராகும். திருக்கையின் பற்களோ வரிசை வரிசையாகத் தேய்ந்து விழ, பின்னாலிருந்து புதிய வரிசை முன்னே வரும். புலன்கள் என்ற வரிசையில் எலியின் மீசைமயிரைச் சொன்ன தாங்கள் திருக்கையின் மின்புலனைச் சொல்லவில்லை. கண்கள் மேலேயும் வாய் அடியிலும் இருப்பதால் தான் தின்பதைத் திருக்கையால் பார்க்க முடியாது. மணலுக்குள் மறைந்திருக்கும் நண்டினதும் இறாலினதும் உடலிலிருந்து எழும் மிக நுண்ணிய மின்னை, தோலிலுள்ள சிறு துளைகளால் அறிந்தே அது இரை தேடுகிறது. இத்துளைகளை விரிவாக ஆராய்ந்து 1678ஆம் ஆண்டில் எழுதியவர் இத்தாலியரான லொரன்சினி. இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. கண்ணுக்குப் பின்னாலுள்ள துவாரத்தால் நீரை உள்ளிழுப்பதனாலேயே மணலில் புதைந்தபடியும் அதனால் சுவாசிக்க முடிகிறது.

"மனிதருக்குப் பயன்" என்ற வரிசையில் எலிக்கு எதிரே கோடு போடப்பட்டிருந்தது நியாயமன்று. மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு 2001இல் வெளியானபின், அடுத்ததாக 2002இல் வெளியான முலையூட்டியின் மரபணுத்தொகுதி சுண்டெலியினுடையதே. நாம் இன்று போட்டுக்கொள்ளும் ஊசிகளிலும் விழுங்கும் மாத்திரைகளிலும் எத்தனையோ, முதலில் ஆய்வுகூடச் சுண்டெலியின் உடலில் பரிசோதிக்கப்பட்டவை. வயலில் நமக்குப் பகையாயிருப்பது வைத்தியத்தில் நமக்காக உயிர் கொடுக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அந்த அட்டவணையைத் திருத்தி மாணவர் பக்கத்தில் மீண்டும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இறுதியிலுள்ள பலம் பற்றிய கேள்வியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் சூற்காலம், ஓர் ஈற்றுக் குட்டிகளின் எண்ணிக்கை, பருவமடையச் செல்லும் காலம் ஆகிய மூன்று வரிசைகளைச் சேர்க்க வேண்டும். எலியின் படத்துக்குக் கீழே எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றியும் திருக்கையின் படத்துக்குக் கீழே வெந்நீர் முதலுதவி பற்றியும் இரண்டிரண்டு வரிகள் இருந்தால் போதும். காலபோக விதைப்புக்கு முன்னர் அது வெளிவருமானால் வயற்கரைப் பிள்ளைகளுக்கும் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் உரிய காலத்தில் போய்ச்சேரும். என் பேத்தியின் கொப்பியில் பழைய அட்டவணைக்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
முள்ளியவளை.